குட்டைக் குழலும் கைத்தோட்டாவும்

பென்சில்வேனியாவில் நான் குடியிருந்த தெருவில், நவம்பர் பிறந்துவிட்டால் பக்கத்து வீட்டுப் பெரியவரை வெளியே பார்க்க முடியாது. வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேஸ்மென்ட்டில்தான் இருப்பார். ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார். மேசை விளிம்பில் திருகிவைத்த கைப்பிடி போட்ட அச்சு. பக்கத்தில் பித்தளைக் கூடுகள் நட்ட மரப்பலகை. தராசுத் தட்டில் சாம்பல் நிற மருந்து, ராகிச் சேமியாவை நொறுக்கிப் போட்ட மாதிரி இருந்தது. சின்னக் குழாய் ஒன்றைச் சுண்டிச் சுண்டி, துணுக்குத் துணுக்காகத் தட்டில் விழவைத்தார். முள் கோட்டைத் தாண்டியது. கூடுதலாக விழுந்த ஒரே ஒரு துணுக்கை இடுக்கியால் எடுத்துப் பழைய டப்பாவில் போட்டார். அந்த ஒரு துணுக்கு அவர் சுடப்போகும் மானுக்கு என்ன வித்தியாசம் செய்யும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் திறந்தார்.

மூன்று பத்திகள் போட்டிருந்தார். தோட்டா அடைக்கும் கையேடு சொல்லும் வேகம், தன் துப்பாக்கி காட்டும் வேகம், இரண்டுக்கும் உள்ள இடைவெளி. கடைசிப் பத்தியில் எல்லா எண்ணையும் சிவப்பு மையால் சுழித்திருந்தார். அவருடையது .308 வின்செஸ்டர் தோட்டா போடும் ரெமிங்டன் மாடல் செவன். குழல் நீளம் பதினெட்டரை அங்குலம். கையேட்டின் எண் 24 அங்குலக் குழலில் அளந்தது. 150 கிரெயின் எடையுள்ள குண்டுக்கு வினாடிக்கு 2,820 அடி என்று புத்தகம் சொன்னால், அவர் குழலில் 2,670-ஐ ஒட்டித்தான் வந்தது. விட்டுப்போன அந்த 150 அடியைப் பிடிக்கத்தான் அத்தனை மாலைகளும்.

குட்டைக் குழல் ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா அடைப்பவர்களில் பெரும்பாலோர் துரத்துவது அந்தச் சிவப்புச் சுழியைத்தான். அது தவறான வேட்டை என்பது என் கட்சி. கைத்தோட்டா வீண்வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அதன் உண்மையான பலம் வேறொரு மூலையில் இருக்கிறது. அங்கே பார்ப்பவர்கள் குறைவு.

நம் ஊர் வாசகருக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை முடித்துவைத்துவிட்டன. இந்தக் கேள்வியே இங்கே எழாது. ஆனால் மருந்து, குண்டு, கெட்டிப்பது என்ற சொற்கள் நமக்கு நாட்டுத் துப்பாக்கிக் காலத்திலிருந்தே இருக்கின்றன. குழலுக்குள் மருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்தவர் ஒவ்வொரு வேட்டுக்கும் அளவைத் தானே முடிவு செய்தார். அமெரிக்கப் பேஸ்மென்ட்டில் நடப்பது அதே வேலைதான். தராசும் நுண்மானியும் கூடியிருக்கின்றன, அவ்வளவே.

குழலை ஏன் குறைக்கிறார்கள்? அடர்ந்த காட்டில், மரத்தில் கட்டிய பரணில், வண்டிக்குள் ஏறி இறங்கும்போது நாலைந்து அங்குலம் குறைந்தால் எவ்வளவு சௌகரியம் என்பது தூக்கிப் பார்த்தவருக்குத் தெரியும். ஓசையடக்கி பரவலான பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்தது. அது குழல்வாயில் ஆறேழு அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்பதால், முன்கூட்டியே குழலைக் குட்டையாக வைத்துவிடுகிறார்கள். அமெரிக்கச் சட்டத்தில் 16 அங்குலத்துக்குக் கீழ் போனால் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். எனவே வேட்டைக்காரரின் குட்டைக் குழல் என்பது பெரும்பாலும் 16-க்கும் 20-க்கும் இடைப்பட்ட சமாசாரம்.

துல்லியம் போய்விடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. போகாது. ஒரே பருமனுள்ள குழலை 24 அங்குலத்திலிருந்து 18-க்கு வெட்டினால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. குட்டைக் குழல் அதிர்வது குறைவு. போவது வேகம் மட்டுமே; .308 போன்ற நடுத்தரத் தோட்டாவில் அங்குலத்துக்கு இருபதிலிருந்து முப்பது அடி வரை.

அந்த வேகத்தை மருந்தால் மீட்கலாம் என்ற நம்பிக்கைக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று அபாயமானது, மற்றது பாதி உண்மை.

அபாயமானதை முதலில் சொல்கிறேன். பெரியவரின் வாதம் இப்படிப் போனது: கையேட்டில் உச்ச அளவுக்கு 2,820, எனக்கு வருவது 2,670, அப்படியானால் இன்னும் கொஞ்சம் மருந்து போட இடமிருக்கிறது. கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அழுத்தம் உச்சத்துக்குப் போவது குண்டு குழலுக்குள் முதல் இரண்டு மூன்று அங்குலம் நகர்வதற்குள். முன்னால் மிச்சமிருப்பது பதினைந்து அங்குலமா இருபத்தொன்றா என்பது அந்தக் கணத்தில் மருந்துக்குத் தெரியாது. குட்டைக் குழலின் அறைக்குள் எழும் அழுத்தம் நீளக் குழலுக்குள் எழுவதேதான். வேகமானி குறைவாகக் காட்டுகிறது என்பதால் அழுத்தமும் குறைவு என்று எடுத்துக்கொள்வது, பேருந்து தாமதமாக வந்ததால் டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டியிருப்பார் என்று சொல்வதைப் போன்றது. .308-க்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்திருக்கும் எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. வேகம் ஒரு சதவீதம் ஏறினால் அழுத்தம் இரண்டு சதவீதமாவது ஏறும் என்பது தோட்டா அடைப்பவர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு. விட்டுப்போன 150 அடி என்பது ஐந்து சதவீதத்துக்கும் மேல். பெருக்கிப் பார்த்தால், அந்தச் சிவப்புச் சுழியை முழுதாக அடைக்க முயல்பவர் எங்கே போய் நிற்பார் என்பது புரியும். நிற்பது தன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிக்கும் பித்தளைக்கு முன்னால்.

பாதி உண்மை என்றது இதை: குட்டைக் குழலுக்கு விரைவாக எரியும் மருந்து போடு, மெதுவாக எரிவது குழலுக்கு வெளியே எரிந்து வீணாகும். துப்பாக்கிக் கடைக் கவுன்டரில் இதைக் கேட்காமல் வெளியே வர முடியாது. குழல்வாயில் பூக்கும் நெருப்புப் பந்தைக் காட்டி, பார், உன் காசு எரிகிறது என்பார்கள். உண்மையில் அந்தப் பந்து பெரும்பாலும் எரியாத மருந்து அல்ல. மருந்து எரிந்தபின் மிஞ்சும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைய உண்டு. குழலுக்குள் அவற்றுக்கு ஆக்சிஜன் போதாது. வெளியே வந்து காற்றோடு கலந்ததும் சூட்டில் மறுபடி பற்றிக்கொள்கின்றன. மருந்து தயாரிப்பவர்கள் இதை அடக்கப் பொட்டாசியம் உப்புகளைச் சேர்ப்பது வழக்கம். ஆக, நெருப்பைப் பார்த்து வேகத்தைக் கணிக்க முடியாது. ஒரு தோட்டாவில் 24 அங்குலக் குழலுக்கு அதிக வேகம் தரும் மருந்துதான் பெரும்பாலும் 18 அங்குலத்திலும் அதிக வேகம் தருகிறது. வேகத்துக்காக மருந்தை மாற்றுவதில் லாபமில்லை.

ஆனால் வேறு காரணத்துக்காக மாற்றலாம், அதில்தான் அந்த உண்மைப் பாதி இருக்கிறது. சற்று விரைவாக எரியும் மருந்தைக் குறைந்த எடையில் போட்டால் குண்டு வெளியேறும் நேரத்தில் வாயில் எஞ்சும் அழுத்தம் குறையும். வெளிச்சமும் வெடிச்சத்தமும் உதையும் தணியும். பென்சில்வேனியாவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சுட அனுமதி உண்டு. மங்கலான அந்த நேரத்தில் குழல்வாயிலிருந்து பூசணிக்காய் அளவு நெருப்பு கிளம்பினால், மான் விழுந்ததா ஓடியதா என்பது சுட்டவருக்கே தெரியாது. ஓசையடக்கி இல்லாத .308 சத்தம் காதுக்குக் கேடு என்று சொல்லப்படும் 140 டெசிபலைத் தாண்டியது. குழல் குறையக் குறைய அது இன்னும் காதருகே வருகிறது. இதைத் தணிக்க நாற்பது அடி வேகத்தை விட்டுக்கொடுப்பது நல்ல பேரம். நான் பார்த்த நோட்டுகளில் வேகத்துக்குப் பத்தி இருந்தது; வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் பத்தி போட்டவர் ஒருவரையும் காணோம்.

குறைப்பதிலும் கண்மூடித்தனம் கூடாது. மெதுவாக எரியும் மருந்தைக் கையேட்டின் கீழ் எல்லைக்கும் கீழே குறைத்தால் அழுத்தம் எதிர்பாராமல் எகிறிய சம்பவங்கள் உண்டு. கையேட்டின் இரு எல்லைகளுமே வேலிகள்தாம்.

குழல் நீளத்தைப் பற்றிப் பேச, ஒரு கம்பெனி தெரியாமலே நமக்குச் செய்துகாட்டிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. ரெமிங்டன் 1964-இல் மாடல் 600 என்ற குட்டை ரைஃபிளைக் கொண்டுவந்தது. பதினெட்டரை அங்குலக் குழல். அதற்காக 1965-இல் .350 ரெமிங்டன் மேக்னம், அடுத்த ஆண்டு 6.5 ரெமிங்டன் மேக்னம் என்று இரண்டு தோட்டாக்கள் வந்தன. இரண்டுக்கும் ஒரே பித்தளைக்கூடு, கழுத்து மட்டும் வேறு. ஒரே வயிறு, இரண்டு தொண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். .350-இன் குழல் துளைப் பரப்பு மற்றதைவிட எண்பது சதவீதத்துக்கு மேல் பெரிது. அகன்ற துளையில் வாயு சீக்கிரம் விரிந்து வேலையை முடித்துவிடுகிறது. குழல் குட்டையாக இருப்பது அதை அவ்வளவாக உறுத்துவதில்லை. 6.5-இல் அதே வாயு குறுகிய துளையில் நெருக்கியடித்துக்கொண்டு, வேலை முடிவதற்குள் வாசலுக்கு வந்துவிடுகிறது. விளம்பரத்தில் சொன்ன வேகம் காட்டில் வரவில்லை. முழக்கமும் நெருப்பும் மட்டும் வந்தன. துப்பாக்கிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டி குட்டையாக இருந்ததால் நீளமான குண்டுகள் மருந்துக்குரிய இடத்துக்குள் இறங்கி உட்கார்ந்தன. அந்தத் தோட்டா தேறவே இல்லை. பிற்பாடு நீளக் குழலும் நீளப் பெட்டியும் உள்ள துப்பாக்கிகளில் கைத்தோட்டாக்காரர்கள் அதே 6.5-ஐ அடைத்துச் சுட்டபோது, அது சோடையில்லை என்று தெரிந்தது. பொருந்தாத வீட்டில் கட்டிக்கொடுத்த பெண்ணைக் குறை சொன்ன கதைதான். குழலும் தோட்டாவும் பொருந்தாதபோது மருந்தை மாற்றி மாற்றிப் போட்டு என்ன பயன்?

கைத்தோட்டாவின் உண்மையான பலம் குண்டில் இருக்கிறது.

1946-இல் ஜான் நோஸ்லர் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய மூஸ் என்ற பெரிய மான் ஒன்றைச் சுட்டார். கையில் அதிவேக .300 மேக்னம். குண்டுகள் உள்ளே இறங்காமல் மேலோட்டமாகவே சிதறிவிட்டன. அன்றைய மெல்லிய குண்டுகள் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. அந்த ஆத்திரத்தில் பிறந்து 1948-இல் கடைக்கு வந்ததுதான் நடுவில் தடுப்புச் சுவர் உள்ள பார்ட்டிஷன் குண்டு. அதற்குப் பிறகு குண்டுத் தொழிலின் போக்கு பெரும்பாலும் ஒரே திசையில்தான்: இன்னும் கெட்டி, இன்னும் வேகம் தாங்குவது. ஒட்டவைத்த ஈயம், தடித்த உறை, முழுச் செம்பு. விலையும் அதே திசையில்.

குட்டைக் குழல்காரர் நிற்பது நோஸ்லர் நின்ற இடத்துக்கு நேர் எதிரில். அவருக்கு வேகம் மிச்சமில்லை. வேட்டைக் குண்டு தோலில் பட்டதும் முன்பகுதி காளான் போல விரிய வேண்டும். விரிய ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. பல ஈயக் குண்டுகளுக்கு அது 1,800 அடியை ஒட்டி இருக்கும். சில கெட்டிக் குண்டுகள் இன்னும் அதிகம் கேட்கும். நல்ல சரக்கு என்று நம்பி விலையுயர்ந்த கெட்டிக் குண்டை வாங்கிக் குட்டைக் குழலில் போட்டுத் தூரத்து மானைச் சுட்டால், அது விரியாமல் பென்சில் குத்தியதுபோல் ஓட்டை போட்டுவிட்டுப் போகும். மான் ஓடும், எங்கோ புதரில் மெதுவாகச் சாகும். குண்டைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தில் நாசூக்காக நகர்ந்துவிடுகிறார்கள். நகரக் கூடாது, தோட்டா தேர்வு செய்வதில் அறம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது.

வீட்டில் அடைப்பவர் கடையில் இல்லாத சேர்க்கையைச் செய்யலாம். வேகம் குறைந்த தோட்டாவுக்கென வடித்த மெல்லிய குண்டைத் தேடி எடுக்கலாம். தன் காட்டில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் சுடுவோம், அங்கே எவ்வளவு வேகம் மிஞ்சும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு முன்னால் வரலாம். பெரியவரின் நோட்டில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். சாதாரண 150 கிரெயின் ஈயக் குண்டு முதல் நூறு கஜத்தில் 280 அடியைப் போல இழக்கிறது. எனவே அவர் குழலின் 150 அடிக் குறை என்பது ஏறத்தாழ ஐம்பது கஜத் தூரம். நீளக் குழல் 150 கஜத்தில் தருவதைக் குட்டைக் குழல் 100 கஜத்தில் தருகிறது. அந்த நூறு கஜத்தில் அவர் குண்டுக்கு மிஞ்சும் வேகம் 2,390-ஐ ஒட்டி. பழைய .30-30 தோட்டாவின் 150 கிரெயின் குண்டு குழல்வாயிலேயே தருவதாக ஆலை சொல்லும் வேகம் அதுதான். 1895 முதல் அமெரிக்கக் காடுகளில் வெண்வால் மானை வீழ்த்திவரும் தோட்டா அது. மலைச்சரிவுப் புதர்களில் அவர் ஐம்பது அறுபது கஜத்துக்கு மேல் சுட்டதே அபூர்வம். எண்களைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

செம்புக் குண்டு இந்தக் கணக்கைச் சிக்கலாக்குகிறது. மானின் குடலில் சிதறிய ஈயத் துகள்களைத் தின்று காண்டோர் கழுகுகள் சாவதைக் காரணம் காட்டி, கலிஃபோர்னியா 2019 ஜூலையிலிருந்து வேட்டையில் ஈயத்தை முழுதாகத் தடைசெய்தது. டென்மார்க்கில் 2024 ஏப்ரல் முதல் ரைஃபிளுக்கும் ஈயக் குண்டு கிடையாது. ஈயத்தைவிடச் செம்பு லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது, கூட்டுக்குள் இடத்தைப் பிடிக்கிறது. அதோடு இறுக்கமான உலோகம், விரிய வேகம் கேட்கும். ஓசையடக்கிக்காகக் குழலைக் குறைத்த டென்மார்க் வேட்டைக்காரர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். பழைய பழக்கத்தில் கனமான குண்டைத் தேடினால் கெட்டது. .308-இல் 165-ஐ விட்டு 130 கிரெயின் செம்புக்கு இறங்கினால், லேசான குண்டு வேகமாகக் கிளம்பும், விரியும், எடையும் சிந்தாது. இப்படி ஒரு படி இறங்கும் சுதந்திரம் வீட்டில் அடைப்பவருக்குக் கைக்குள் இருக்கிறது. கடைத்தோட்டாவும் இப்போது இந்தப் பக்கம் வருகிறது என்றாலும், சிறு ஊர்க் கடை அலமாரிக்கு வரக் காலமாகும்.

இன்னொரு மறுக்க முடியாத பலம் பழைய துப்பாக்கிகளைக் காப்பாற்றுவது. 1903-ஆம் ஆண்டு ஆஸ்திரிய மான்லிஷர்-ஷோனாவர் குட்டை ரைஃபிள் 450 மில்லிமீட்டர் குழலும் 6.5×54 தோட்டாவும் கொண்டது. நீண்ட, மழுங்கிய மூக்குள்ள 160 கிரெயின் குண்டு நிதான வேகத்தில் போய் ஆழமாக இறங்கும். ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய டபிள்யூ. டி. எம். பெல் கைக்கொண்ட துப்பாக்கிகளில் அதுவும் ஒன்று. குட்டைக் குழலுக்கு வேகம் வேண்டாம், பொருத்தமான குண்டு போதும் என்பதை நூறு ஆண்டுக்கு முன்பே காட்டிவிட்டது அது. அதன் சுழல் பெட்டி அந்த மழுங்கிய நீளக் குண்டின் அளவுக்கே குடைந்தது. கூர்மூக்குக் குட்டைக் குண்டு போட்டால் முரண்டு பிடிக்கும். ஆலைகள் அந்தத் தோட்டாவை அரிதாகத்தான் அடிக்கின்றன. இப்படிப்பட்ட துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் கைத்தோட்டா பொழுதுபோக்கல்ல. அது இல்லாவிட்டால் துப்பாக்கி சுவரில் மாட்டும் அலங்காரம்.

பலவீனங்களில் மிகப் பெரியது, மூன்றே மூன்று வேட்டில் தீர்ப்பு எழுதுவது. அரை கிரெயின் வித்தியாசத்தில் ஐந்து அளவு அடைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று சுடுகிறார்கள். எதன் துளைகள் நெருங்கி விழுந்தனவோ அதுவே என் துப்பாக்கிக்குப் பிடித்த அளவு என்று நோட்டில் கட்டம் போடுகிறார்கள். அதே தோட்டாவை அடுத்த வாரம் சுட்டால் அரை அங்குலக் கூட்டம் ஒன்றரை அங்குலமாக விரியும். உடனே வானிலை, பித்தளை, காப்பி குடித்த கை என்று காரணம் தேடுவார்கள். மூன்று முறை சுண்டிய நாணயம் மூன்றும் தலையாக விழுந்தால் நாணயத்தைச் சந்தேகிப்போமா? குண்டு விற்கும் ஹார்னடி நிறுவனத்தின் ஆட்களே உங்கள் கூட்டங்கள் சிறியவை, இன்னும் நிறையச் சுடுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். மானின் நெஞ்சுக்கூடு எட்டு அங்குலத் தட்டு. அறுபது கஜத்தில் அதன்மேல் போட அரை அங்குலக் கூட்டம் எதற்கு என்ற கேள்வி அப்புறம்.

காசு மிச்சம் என்பது நண்பர்களிடமும் மனைவியிடமும் சொல்லும் காரணம். அச்சும் தராசும் வாங்கிய செலவு திரும்பி வர வருஷங்கள் ஆகும். மலிவானதால் இரண்டு மடங்கு சுடுவார்கள். 2020-க்குப் பின் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் கிடைக்காமல் அலைந்தவர்கள் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். .308 போன்ற பரவலான தோட்டா, நூறு கஜத்துக்குள் மான், ஈயத்துக்குத் தடையில்லாத ஊர் என்றால், 1939-லிருந்து விற்கும் கோர்-லாக்ட் மாதிரி ஒரு சாதாரண ஈயக் குண்டுப் பெட்டி போதும்; கைத்தோட்டா கூடுதலாகத் தருவது மாலைப் பொழுதின் இன்பம். .350, 6.5×54 போன்றவற்றுக்கும் செம்பு கட்டாயமான இடங்களுக்கும் கைத்தோட்டா தேவை. வேகத்தைத் துரத்தி அடைப்பவருக்கு எந்த இடத்திலும் அது ஆகாது.

அந்த டிசம்பரில் பெரியவர் வாசல் படியில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். சுத்தியல் வடிவத்தில் பிளாஸ்டிக் கருவி. தலைக்குள் தோட்டாவைச் செருகிச் சிமெண்ட் தரையில் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று மருந்து கொட்டும். கையேட்டு எல்லைக்கு மேலே அடைத்துவைத்த தோட்டாக்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். குண்டுகளை ஒரு டப்பாவில், கூடுகளை ஒரு டப்பாவில் போட்டார். மருந்தை எடுத்துப்போய் ரோஜாப் பாத்தியில் தூவினார். நைட்ரஜன், வேருக்கு நல்லது என்றார். அந்தப் பருவத்து மான் ஏற்கெனவே ஃப்ரீசரில் இருந்தது. ஐம்பத்தைந்து கஜம், கடையில் வாங்கிய பெட்டியிலிருந்து ஒரே வேட்டு.